புதுக்கோட்டை சமஸ்தான இணைப்பு

இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் முழுமையாக இருந்த ஒரே சமஸ்தானமான புதுக்கோட்டை, 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்துடன் இணைக்கப்பட்டு, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. இதன் பரப்பு ஏறத்தாழ 1,180 சதுர மைல்.

சமஸ்தானத்தின் வரலாறு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குகிறது. தொண்டைமண்டலத்திலிருந்து வந்து குடியேறிய தொண்டைமான் குடும்பத்தில், ரகுநாதராயத் தொண்டைமானின் சகோதரி காதலி நாச்சியாரை இராமநாதபுரம் கிழவன் சேதுபதி மணந்தார். அந்த உறவின் பயனாகப் புதுக்கோட்டைச் சீமை ரகுநாதராயருக்குக் கிடைத்தது. பின்வந்த மன்னர்கள் குலதெய்வமான திருக்கோகர்ணம் பிரகதாம்பாளின் அடியவர்களாகவே தங்களைக் கருதி, ‘பிரகதாம்பாள் தாஸ்’ என்று பட்டம் சூடிக்கொண்டனர்.

இந்தப் பக்திக்குச் சிறந்த சான்று அம்மன் காசு. விரல்நுனியில் அடங்கும் இந்தச் செப்புக்காசின் ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் அம்மன். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. இருபது காசு ஓரணாவுக்குச் சமம். நவராத்திரியில் அரிசியோடு இதைத் தானமாக வழங்குவது அரண்மனை வழக்கம். பிரிட்டிஷ் ரூபாய் புழங்கிய காலத்திலும் சொந்தக் காசை விடாமல் வைத்திருந்தது இந்தச் சிறிய நாட்டுக்குப் பெருமை சேர்ப்பது.

கர்நாடகப் போர்கள் தொட்டே தொண்டைமான்கள் ஆங்கிலேயரின் உற்ற நண்பர்கள். 1799இல் கட்டபொம்மன் திருக்களம்பூர்ப் பகுதியில் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது அந்த நட்பின் விளைவே. கைம்மாறாகக் கிழக்கிந்தியக் கம்பெனி கீழாநிலைக் கோட்டையைத் தந்தது. ஆண்டுக்கு ஒரு யானை திறையாகத் தர வேண்டும் என்ற நிபந்தனை வற்புறுத்தப்படவில்லை; 1836இல் அதுவும் நீக்கப்பட்டது. திவான் சேஷையா சாஸ்திரி 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தையும் நகரமைப்பையும் திருத்தியமைத்தார். புதுக்கோட்டையின் நேரான வீதிகளில் அவர் கைவண்ணத்தை இன்றும் காணலாம்.

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி பிங்கை மணந்தார். அவர்களுடைய மகனுக்கு வாரிசுரிமை கிட்டாததால், 1928இல் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமான் அரியணையேறினார். கடைசி மன்னர் இவரே.

1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது, பாதுகாப்பு, வெளியுறவு, தகவல்தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் மத்திய அரசுக்கு விட்டுக்கொடுக்கும் சேர்க்கை ஒப்பந்தம் சமஸ்தானங்களின் முன் வைக்கப்பட்டது. சர்தார் படேலும் சமஸ்தானங்கள் துறைச் செயலாளர் வி. பி. மேனனும் அடுத்த கட்டமாகச் சிறு சமஸ்தானங்களை அண்டை மாகாணங்களோடு கலக்க முனைந்தனர். நாற்புறமும் சென்னை மாகாணத்தால் சூழப்பட்ட புதுக்கோட்டை தனித்து நிற்க வழியில்லை. அப்போது இருபத்தைந்து வயதான மன்னர் மனமுவந்து இசைந்தார். இணைப்புக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டு வந்த மன்னர் மானியம் 1971இல் ஒழிக்கப்பட்டது.

புதுக்கோட்டை 1974 ஜனவரி 14 முதல் தனி மாவட்டம். புது அரண்மனையில் ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது.