பெருங்குடல் அகநோக்கலில் குடல் துளை: வரலாறு

பெருங்குடல் அகநோக்கல் (கொலோனோஸ்கோபி) என்பது வளையும் குழாய்க் கருவியை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனையாகும். அப்போது குடற்சுவரில் ஓட்டை விழுவது குடல் துளை எனப்படும். நோயறிவதற்கு மட்டும் செய்யப்படும் சோதனைகளில் இது பொதுவாக ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே நேர்கிறது. எனினும் குடலிலுள்ள கிருமிகளும் கழிவும் வயிற்றறைக்குள் கசிந்தால் உயிருக்கு ஆபத்தாகும்.

கருவியின் தோற்றம்

முற்காலத்தின் விறைப்பான குழாய்களால் பெருங்குடலின் கடைசிப் பகுதியை மட்டுமே பார்க்க முடிந்தது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹரால்டு ஹாப்கின்சும் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வளையும் கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டினர். அவர்களின் கட்டுரை 1954-இல் நேச்சர் இதழில் வெளியானது. இழைநோக்கிகள் அதிலிருந்து வளர்ந்தன. 1969-இல் நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகியோர் வயிற்றைத் திறக்காமலே, மின்சாரம் பாயும் கம்பிச் சுருக்கால் பெருங்குடல் பாலிப்புகளை அகற்றத் தொடங்கினர். சோதனைக் கருவி சிகிச்சைக் கருவியானபோது துளைக்கான வாய்ப்பும் கூடியது.

துளை விழும் வழிகள்

* கருவியின் முனையோ வளைந்த தண்டோ சுவரை அழுத்திக் கிழித்தல். மலக்குடலுக்கு முன்னுள்ள நெளிந்த பகுதியில் இது அதிகம்.
* உட்செலுத்தும் காற்றின் அழுத்தம். அகன்று, சுவர் மெலிந்திருக்கும் பெருங்குடலின் தொடக்கப் பகுதி இதற்கு எளிதில் இலக்காகிறது.
* பாலிப்பை வெட்டும் மின்சூடு சுவரின் ஆழம்வரை பரவுதல். இவ்வகைத் துளை சில நாட்கள் கழித்தும் வெளிப்படலாம்.

சிகிச்சை

தொடக்கத்தில் அறுவை சிகிச்சையே முதன்மை வழியாக இருந்தது. 1990-களில் அகநோக்கி வழியாகவே உலோகக் கவ்விகளால் துளையை மூடும் முறை வந்தது. துளை சிறியதாகவும் குடல் சுத்தமாகவும் இருந்து, உடனே கண்டறியப்பட்டால் இம்முறை பயன்படும். தாமதமானால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே வேண்டியிருக்கும்.

ஒப்புதலும் எச்சரிக்கையும்

நோயறியும் சோதனைக்கு மட்டும் தந்த ஒப்புதலைச் சிகிச்சைக்கான ஒப்புதலாகக் கொள்ளக்கூடாது என 2008-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டுக்கும் சேர்த்தே முன்கூட்டி ஒப்புதல் பெறலாம். எனவே பாலிப் தென்பட்டால் அகற்றுவதா என்பதையும், அதனால் வரக்கூடிய ஆபத்தையும் முன்னரே பேசிக்கொள்வது அவசியமாகிறது.

இச்சோதனை முடிந்த பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். செம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ சென்று வருவோருக்குத் தாமதத் துளை வீட்டில்தான் வெளிப்படும். கடும் வயிற்றுவலி, வயிறு உப்பி இறுகுதல், காய்ச்சல் ஆகியவற்றை வாயுத்தொல்லை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.