ஹிஸ்டீரியா: காரணம் தேடிய கதை

நம்மூரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் பாரிசுக்குப் போய் வந்தவர்கள் நிறைய பேர். ஓஸ்தெர்லிட்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள சல்பெத்ரியேர் மருத்துவமனை அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். பிரெஞ்சு மொழியில் 'சல்பேத்ர்' என்றால் வெடியுப்பு. முதலில் அங்கே வெடிமருந்துச் சாலைதான் இருந்தது. 1656-இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆணைக்குப் பிறகு, ஆதரவற்ற பெண்களை அடைத்து வைக்கும் இடமாக அது மாறியது. புத்தி பேதலித்தவர்களும் வலிப்பு நோயாளிகளும் அங்கேயே அடைக்கப்பட்டார்கள். சங்கிலியை அவிழ்த்த டாக்டர் பினேலைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பின்னால் அங்கு வந்த ஷார்கோவைப் பற்றி யாரும் சொன்னதில்லை. எனக்கு அவர் கதைதான் அதிக சுவாரசியம்.

ஒரு பெண் திடீரென்று விழுந்து துடிக்கிறாள், உடம்பை வில்லாக வளைக்கிறாள், கத்துகிறாள், சிரிக்கிறாள். ஏன்? பழைய கிரேக்க வைத்தியர்கள் கருப்பை இடம் விட்டு அலைவதால் என்றார்கள். ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். பிறகு வந்த பாதிரிமார்கள் பேய் பிடித்தது என்றார்கள். ஷார்கோ இரண்டையும் ஒதுக்கினார். பழைய ஓவியங்களில் பேய் பிடித்தவர்களாகக் காட்டப்பட்டவர்கள் உண்மையில் ஹிஸ்டீரியா நோயாளிகளே என்று ஓவியப் படங்களுடன் 1887-இல் ஒரு புத்தகமே போட்டார்.

ஷார்கோ வண்டி செய்யும் தொழிலாளியின் மகன். 1862-இல் சல்பெத்ரியேரில் ஒரு பிரிவுக்குத் தலைவரானார். உயிரோடு இருக்கும்போது நோயாளியின் குறிகளை எழுதி வைப்பது, இறந்த பின் மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்துப் பார்த்து இரண்டையும் பொருத்துவது, இதுதான் அவர் முறை. இப்படிச் சில நரம்பு நோய்களைத் துல்லியமாக அடையாளம் காட்டினார். அதில் ஒன்றுக்குப் பிரான்சில் இன்றும் அவர் பெயர்தான். ஹிஸ்டீரியாவில் மட்டும் இந்த முறை கைகொடுக்கவில்லை. அறுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனாலும், பரம்பரையாக வரும் நரம்புக் கோளாறுதான் காரணம், நம் கருவிக்கு அது தெரியவில்லை என்று உறுதியாக இருந்தார். வலிப்பு நான்கு கட்டங்களாக வரும், மனவசியத்தில் ஆழ்த்தினால் மூன்று நிலைகள் தோன்றும் என்று விதியும் வகுத்தார்.

அவருடைய விரிவுரைகளுக்கு மருத்துவர்கள் மட்டுமா வந்தார்கள்? பத்திரிகைக்காரர்களும் எழுத்தாளர்களும் வந்தார்கள், மொப்பசான் உட்பட. மேடையில் பிலான்ஷ் விட்மன் என்ற பெண் நோயாளி அந்த மூன்று நிலைகளையும் பிசகாமல் காட்டுவார். 1887-இல் புருய்யே வரைந்த பெரிய ஓவியத்தில் மயங்கிச் சாய்ந்திருப்பவர் அவர்தான்.

ஒரு சின்ன விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். 1870 வாக்கில், இடிந்து விழும் நிலையில் இருந்த ஒரு கட்டடத்தைக் காலி செய்தபோது, ஹிஸ்டீரியா பெண்களையும் காக்காய் வலிப்புப் பெண்களையும் ஒரே பகுதியில் சேர்த்து வைத்தார்கள். ஷார்கோவிடம் அந்தப் பொறுப்பு வந்தது அப்போதுதான். இரவும் பகலும் வலிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வலிப்புப் போலவே வந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மனு வாங்கியவன் நான். முதல் முறை வருபவர் தன் கஷ்டத்தைத் தன் பேச்சில் சொல்வார். மூன்றாம் முறை வரும்போது எங்கள் படிவத்தின் வார்த்தைகளில் சொல்வார். அதனால் அவர் கஷ்டம் பொய்யாகிவிடுமா?

எதிர்ப்பு நான்சி நகரிலிருந்து வந்தது. அங்கே லியேபோ என்ற எளிய வைத்தியர் ஏழைகளுக்கு மனவசியத்தால் சிகிச்சை செய்துவந்தார். பேராசிரியர் பெர்னேம் அவரிடம் போய்ப் பார்த்து, ஷார்கோவின் மூன்று நிலைகளும் இயற்கையானவை அல்ல, மருத்துவர் எதிர்பார்ப்பதை நோயாளி செய்கிறார், எல்லாம் கருத்தை ஏற்றுவதால் வருவது என்று எழுதினார். தான் பார்த்த அத்தனை பேரில் ஒரே ஒரு பெண்தான் மூன்று நிலைகளையும் சரியாகக் காட்டினாள், அவளும் சல்பெத்ரியேரில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவள் என்றார். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் ஷார்கோவை முட்டாள் என்று தள்ளிவிட முடியாது. ரயில் விபத்தில் சிக்கியவர்கள், வேலையில் அடிபட்ட ஆண் தொழிலாளர்கள் எத்தனையோ பேருக்குக் காயமே இல்லாமல் கை விழுந்துபோயிருந்தது. இது பெண்கள் நோய் அல்ல என்று அவர் அழுத்திச் சொன்னார். 'என் கை போய்விட்டது' என்ற எண்ணமே கையை முடக்கக்கூடும் என்றும் சொன்னார். நரம்பைத் தேடிப் போனவர் மனத்தின் வாசல்வரை வந்துவிட்டார். 1885 அக்டோபர் முதல் சில மாதங்கள் அங்கே படித்த வியன்னா இளைஞர் ஃபிராய்ட் அந்த வாசலுக்கு உள்ளேயே போனார். நான்சிக்கும் 1889-இல் போய் வந்தார். இரண்டு தரப்பின் புத்தகங்களையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் அவர்தான்.

1893-இல் ஷார்கோ இறந்தார். அவருடைய சீடர் பபின்ஸ்கி, ஓவியத்தில் பிலான்ஷைத் தாங்கிப் பிடித்திருப்பவர், 1901-இல் குருவின் கொள்கையைக் கைவிட்டார். கருத்தேற்றத்தால் வந்து, எடுத்துச் சொன்னால் போவது எதுவோ அதுதான் ஹிஸ்டீரியா என்றார்.

ஷார்கோவுக்குப் பிறகு பிலான்ஷுக்கு வலிப்பு நின்றது. அதே மருத்துவமனையில் முதலில் போட்டோ பிரிவிலும் பின்பு எக்ஸ்ரே பிரிவிலும் ஊழியராக இருந்தார். கதிர்களின் ஆபத்து தெரியாத காலம். புற்று வந்து, உறுப்பு உறுப்பாக வெட்ட வேண்டியதாயிற்று. 1913-இல் இறந்தார். கடைசிக் காலத்தில் ஒரு மருத்துவர் அவரிடம், அந்த நாளில் நீங்கள் நடித்தீர்களா என்று கேட்டிருக்கிறார். நடிக்கவில்லை, எங்களால் அடக்க முடியாமல்தான் வந்தது, ஷார்கோவை ஏமாற்ற முயன்றவர்களை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார் என்று பிலான்ஷ் பதில் சொன்னாராம்.