நாடு கேட்டவர் பெயர் வாங்கிய கதை: மாநிலங்களவையில் அண்ணா

1962 பொதுத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் சென்னைச் சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பிடித்தது; மக்களவைக்கும் 7 பேரை அனுப்பியது. ஆனால் கட்சித் தலைவர் சி.என். அண்ணாதுரை சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் தோற்றுப்போனார். அந்த 50 பேரின் வாக்குபலம்தான் அவரை அதே ஆண்டு ஏப்ரலில் மாநிலங்களவைக்குக் கொண்டுசேர்த்தது. தோல்வி தந்த பதவி என்றுகூடச் சொல்லலாம். காஞ்சிபுரம் கைகொடுத்திருந்தால் அவருடைய டெல்லிப் பேச்சுகள் இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அந்தப் பேச்சுகளைப் பற்றி நம்மிடையே வழங்கும் கதை எளிமையானது. போனார், திராவிட நாடு கேட்டார், பிரிவினைத் தடைச் சட்டம் வந்தது, கைவிட்டார். தேதிகளின் வரிசைப்படி இது சரிதான். பேச்சுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறொன்று தென்படுகிறது. அவர் கேட்ட பொருள் சுருங்கிக்கொண்டே வருகிறது: முதலில் ஒரு நாடு, பிறகு ஒரு வினைச்சொல், கடைசியில் ஒரு பெயர். கோரிக்கை சுருங்கச் சுருங்க வாதம் கூர்மையாகிறது. சட்டமானவையும் அந்தச் சிறிய கோரிக்கைகள்தான்.

கன்னிப்பேச்சு 1962 மே 1 அன்று, குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின்மீது. திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்று பெருமையோடு அறிமுகம் செய்துகொள்கிறார். உடனே, வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ தாம் எதிரியல்ல என்று சேர்த்துக்கொள்கிறார். துணைக்கு ராபர்ட் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞரை அழைக்கிறார். பிரிவினையை அவர் முன்வைக்கும் விதம் கவனிக்கத்தக்கது. பகைக்காக அல்ல, சிறிய, கட்டுக்கோப்பான, ஒத்த உணர்வுள்ள நாடாக இருந்தால் பொருளாதாரத்தைச் சீராக்குவது எளிது என்கிறார். ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்ற மேடை முழக்கம் அவைக்கேற்ற ஆங்கிலத்தில் சுயநிர்ணய உரிமைக் கோரிக்கையாக உருமாறியிருக்கிறது. பேச்சு அழகானது, வாதம் என்ற வகையில் இன்னும் மேடையை விட்டு முழுக்க இறங்காதது என்பது என் கணிப்பு. கேட்டவர்கள் அதிர்ந்தார்கள், ரசித்தார்கள். யாரும் பதில்சொல்லித் தீரவேண்டிய நெருக்கடியில் இல்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டது. விலைவாசிப் போராட்டத்தில் வேலூர்ச் சிறைக்குப் போய்த் திரும்பியிருந்த அண்ணா, போர் முயற்சிக்கு முழு ஆதரவு என்று அறிவித்து, பிரிவினைப் பேச்சை ஒதுக்கிவைத்தார். வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும் என்ற அவருடைய விளக்கம் இன்றும் மேடைகளில் கேட்கும். அந்த நேரத்தில்தான் பிரிவினைத் தடைச் சட்டம் எனப்படும் 16ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. சர். சி.பி. ராமசாமி ஐயர் தலைமையிலான தேசிய ஒருமைப்பாட்டுக் குழுவின் பரிந்துரையில் பிறந்த மசோதா அது. பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் 19ஆவது பிரிவில் இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும் சேர்ந்தன. தேர்தலில் நிற்கும் வேட்பாளரும் அவற்றைக் காப்பதாக உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றானது. தேர்தல் கட்சியாக இருப்பதா, பிரிவினைக் கட்சியாக இருப்பதா என்று தி.மு.க.விடம் கேட்ட திருத்தம் என்று இதைச் சொன்னால் தவறாகாது.

1963 ஜனவரியில் இதை எதிர்த்து அண்ணா ஆற்றிய உரையே என் பார்வையில் அவருடைய நாடாளுமன்றப் பேச்சுகளில் தலையாயது. பிரிவினைக்கு வக்காலத்து வாங்க அவர் அதிகம் மெனக்கெடவில்லை. நாங்களே போரில் தோள்கொடுத்து நிற்கும்போது இந்தச் சட்டத்துக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டுவிட்டு, நேராக மசோதாவின் சொல்லைப் பிடிக்கிறார்: இறையாண்மை என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது? அரசியல் இறையாண்மை மக்களிடம் இருக்கிறது. சட்ட இறையாண்மை மத்தியிலும் மாநிலங்களிலும் பிரிந்து கிடக்கிறது. இவ்வளவு பரந்த, இவ்வளவு வேறுபட்ட மரபுகள் கொண்ட நிலத்துக்கு இறுகிய ஒற்றையாட்சி பொருந்தாது என்பதால்தான் அரசமைப்பை எழுதியவர்கள் கூட்டாட்சியைத் தேர்ந்தார்கள் என்கிறார். மே மாதத்தில் அரசமைப்புக்கு வெளியே நின்று கேட்டவர், எட்டு மாதம் கழித்து அதற்குள் வந்து உட்கார்ந்து அதன் முகப்புரையை எடுத்து வாதாடுகிறார். பின்னாளில் மாநில சுயாட்சி என்று பெயர்பெற்ற கொள்கையின் விதை இங்கே கிடக்கிறது. திருத்தம் 1963 அக்டோபரில் சட்டமானது. அடுத்த மாதம் கழகம் தன் விதிகளை மாற்றி, இந்திய இறையாண்மைக்கு உட்பட்டு நான்கு தென்மாநிலங்களின் நெருங்கிய உறவு என்று இலக்கைத் திருத்தி எழுதிக்கொண்டது.

இதற்கு நடுவே மொழி. 1965க்குப் பிறகும் ஆங்கிலத்தைத் தொடர வகைசெய்யும் ஆட்சிமொழி மசோதாவை 1963 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி கொண்டுவந்தார். இந்தியோடு ஆங்கிலத்தையும் ‘தொடர்ந்து பயன்படுத்தலாம்’ என்றது வாசகம். ஆங்கில மூலத்தில் ‘மே’. அங்கே ‘ஷேல்’ இருக்கவேண்டும், ‘லாம்’ போதாது, ‘வேண்டும்’ வேண்டும் என்றது கழகம். இந்த இடத்தில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் என்றார் நேரு. ஒரே பொருள் என்றால் நாங்கள் கேட்கும் சொல்லையே போட்டுவிடலாமே என்பது பதில். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு விகுதியைப் பிடித்து வாதாடுவது புதிதல்ல. பொதுமொழி எது என்பதைவிட, அதனால் வரும் சாதகமும் பாதகமும் எல்லாருக்கும் சமமாக விழவேண்டும் என்று அண்ணா அவையில் வலியுறுத்தினார். ஒருவருக்குத் தாய்மொழி, மற்றவருக்குப் பாடமொழி என்றால் பந்தயம் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கையால் தேசிய மொழி என்றால், எலி இருக்கப் புலி ஏன் தேசிய விலங்கு, காக்கை இருக்க மயில் ஏன் தேசியப் பறவை என்று அண்ணா மாநிலங்களவையில் கேட்டதாக ஒரு வாசகம் உலவுகிறது. மயில் சரி, 1963இல்தான் அது தேசியப் பறவையானது, புதுச் சூட்டில் சொல்லியிருக்கலாம். புலி தேசிய விலங்கானதோ 1970களில். அதுவரை அந்த இடத்தில் சிங்கம் இருந்தது. 1969இல் மறைந்தவர் வாயில் புலி எப்படி வந்தது? உவமை அண்ணாவுடையதாகவே இருக்கலாம், கைமாறிக் கைமாறி விலங்கு மாறியிருக்கலாம். மேடை நினைவை அவைப் பதிவாக எடுத்துக்கொள்ளும்போது ஆய்வாளர் சறுக்கும் இடம் இது.

விகுதிச் சண்டையில் 1963இல் அவர் தோற்றார். அரசமைப்பின் மொழிப் பகுதியைக் கொளுத்தப் புறப்பட்டு அந்த நவம்பரில் கைதாகி ஆறு மாதத் தண்டனையும் பெற்றார். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு பற்றி எரிந்தது. 1967இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், மத்திய அரசுக்கும் இந்தியை ஏற்காத மாநிலங்களுக்கும் இடையே ஆங்கிலம் கட்டாயம் என்றது. அதை நிறுத்த அந்த மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் போடவேண்டும் என்றும் விதித்தது. ‘ஷேல்’ வந்துவிட்டது.

மூன்றாவது, பெயர். 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட கோரிக்கைகளில் ஒன்று, மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்ற பெயர். 1961இல் மாநில அரசு தமிழில் எழுதும்போது மட்டும் ‘தமிழ்நாடு’ என்று எழுதச் சம்மதித்தது. ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ அப்படியே. வங்கத்துக் கம்யூனிஸ்டு உறுப்பினர் பூபேஷ் குப்தா பெயர்மாற்றத்துக்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1963இல் மாநிலங்களவையில் விவாதிக்கப்பட்டபோது அண்ணா எழுந்தார். பழைய இலக்கியத்தில் இந்தப் பெயர் உண்டா என்ற கேள்விக்குச் சிலப்பதிகாரம் முதலான நூல்களை அடுக்கினார். பெயரை மாற்றி என்ன லாபம் என்று கேட்டார்கள். நாடாளுமன்றத்தை லோக்சபா என்றும், இந்த அவையை ராஜ்யசபா என்றும், குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் மாற்றி நீங்கள் என்ன லாபம் கண்டீர்கள் என்று திருப்பிக் கேட்டார். அவைகளுக்கு அந்தப் பெயர்கள் வந்தது 1954இல். கேட்டவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்தே சான்றை எடுத்துக்கொடுத்தார். அப்படியும் மசோதா தோற்றது.

‘நாடு’ என்ற சொல்லுக்குத் தமிழில் தேசம் என்றும் பொருள், சோழநாடு, நாஞ்சில்நாடு என்பதுபோல வட்டாரம் என்றும் பொருள். 1962இல் முதல் பொருளில் கேட்டதை மறுத்தவர்கள், இரண்டாம் பொருளில் கேட்டபோது ஏன் தயங்கினார்கள் என்பதும் இந்த இரட்டைப் பொருளுக்குள் இருக்கிறது.

1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சரானார். ஜூலை 18 அன்று சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1968இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில், அது நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3 அன்று அண்ணா இறந்தார். சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறியபோது அவர் அங்கே உறுப்பினர் இல்லை. பூபேஷ் குப்தா இருந்தார்.