வாடகைக் கணினியில் வளர்ந்த சென்னைக் கம்பெனி

வணிகவியல் பாடப் புத்தகத்தில் தொழில் தொடங்குவது பற்றிய பாடத்தைப் பிரித்தால் முதலில் வருவது 'முதல்' தான்! இடம், கட்டடம், இயந்திரம்... எல்லாம் நிலைச் சொத்து. இணையத்தில் சேவை நடத்த நினைத்தவர்களுக்கும் ஒரு காலத்தில் இதே தலைவலி இருந்தது. சர்வர் வாங்க வேண்டும், அதற்கு ஒரு ஏ.சி. அறை, தடைபடாத மின்சாரம், ராத்திரியிலும் பார்த்துக்கொள்ள ஆள். எத்தனை பேர் வருவார்கள் என்றே தெரியாமல் இவ்வளவும் முன்கூட்டியே செய்தாக வேண்டும்.

கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையின் அரவைப் பருவத்தை நினைத்துப் பாருங்கள். அந்தச் சில மாதங்களுக்காக ஒவ்வொரு கரும்பு விவசாயியும் சொந்தமாக லாரி வாங்கினால் என்ன ஆகும்? மிச்ச மாதங்களில் கொட்டகையில் நிற்கும், தவணை மட்டும் ஓடும். மேலே கரியாலூரில் மரவள்ளி போடுகிறவர் கிழங்கை மலையிலிருந்து இறக்க வாடகை வண்டி பிடிப்பதும் இதே கணக்கில்தான்.

கணினி உலகத்தில் இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டது அமேசான். (1960களிலேயே பெரிய கணினிகளை நேரக் கணக்கில் பங்கிட்டுக் கொடுத்தார்கள், ஆனால் அது வேறு காலம்.) 2006 மார்ச்சில் கோப்புகளைச் சேமிக்க எஸ்3 வந்தது. அதே ஆகஸ்டில் வந்த ஈசி2 சேவையில் ஒரு கணினியின் வாடகை மணிக்கு 10 சென்ட். அன்றைய மதிப்பில் ஐந்து ரூபாய்க்கும் குறைவு!

ஆனால் வண்டி வாடகைக்குக் கிடைத்தால் போதுமா? ஓட்டுகிற வேலையும் பழுது பார்க்கிற வேலையும் இருக்கிறதே. அதையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறோம் என்று அடுத்த வரிசை வந்தது. 2007ல் ஹெரோகு, 2008 ஏப்ரலில் கூகுள் ஆப் எஞ்சின். நீங்கள் நிரலைக் கொடுத்தால் போதும், ஓட்டுவது அவர்கள் பொறுப்பு. 2009 அக்டோபரில் அமேசான் ஆர்டிஎஸ் என்ற பெயரில் தரவுத்தளத்தையே பராமரித்துத் தர ஆரம்பித்தது. பேக்கப் எடுப்பதுகூட அவர்கள் வேலை.

இதில் தரவுத்தளம் ஏன் முக்கியம் என்று புரிய ஒரு மளிகை மண்டிக்குள் போய் வரலாம். முன்னால் கவுண்டர், நடுவில் கணக்குப்பிள்ளை, பின்னால் கிடங்கு. இணையச் செயலியும் இப்படி அடுக்கடுக்காகத்தான் இருக்கும்: கண்ணுக்குத் தெரியும் திரை, கணக்குப் போடும் நிரல், தகவல் குவியும் தரவுத்தளம். கூட்டம் கூடினால் கவுண்டரில் இன்னும் இரண்டு பேரை நிறுத்தலாம், கணக்குப்பிள்ளையும் இன்னொருவரை வைக்கலாம். கிடங்கைப் பிரிப்பதுதான் கஷ்டம். இருப்பு ஏடு ஒன்றுதானே!

சரி, சென்னைக்கு வருவோம். 2010ல் ஜோஹோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருள் விற்ற ஜென்டெஸ்க் அந்த ஆண்டு விலையை ஏற்ற, இணையத்தில் ஒரே சண்டை. அதைப் படித்துக்கொண்டிருந்தவருக்கு, இதை நாமே குறைந்த விலையில் செய்யலாமே என்று தோன்றியது. ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து ஃபிரெஷ்டெஸ்க் தொடங்கினார். 2011 ஜூனில் மென்பொருள் வெளியானது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளிக்கூடம், அட்வெல் காலேஜ்.

எழுதியது சென்னையில், வாங்கியது ஆஸ்திரேலியாவில், ஓடியது அமேசானின் வாடகைக் கணினியில்! அப்போது அமேசானுக்கு இந்தியாவில் மையமே கிடையாது. மும்பை மையம் திறந்தது 2016 ஜூனில்தான்.

நிரல் ரூபி ஆன் ரெயில்ஸில், தகவல்கள் மைஎஸ்க்யூஎல்லில். வாடிக்கையாளர்கள் பெருகப் பெருகக் கிடங்கு பிதுங்க ஆரம்பித்தது. முதலில் சுலபமான வழி: இன்னும் பெரிய கணினியாக வாடகைக்கு எடுப்பது. பிறகு எழுதுவதற்கு ஒரு தரவுத்தளம், படிப்பதற்கு அதன் நகல் என்று பிரித்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் விஷயங்களை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இதெல்லாம் கொஞ்ச நாள்தான் தாங்கியது. கடைசியில் வாடிக்கையாளர்களையே கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு தனித் தரவுத்தளம் கொடுத்தார்கள். யார் எந்தக் கிடங்கில் என்பதற்கு ஒரு தனிப் பட்டியல். 'எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று அமேசான் சொன்னாலும் இந்த வேலையை அமேசான் செய்து தரவில்லை. சென்னையில் இருந்த பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததுதான். மேகக் கணினி விளம்பரங்களில் இந்த விஷயம் பெரிதாக வராது :-)

வாடகை வீட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கூரை ஒழுகினால் குடியிருப்பவர் ஏறிச் சரிசெய்ய முடியாது. 2011 ஏப்ரல் 21 அன்று அமேசானின் கிழக்கு அமெரிக்க மையத்தில் நெட்வொர்க்கை மாற்றும் வேலை நடந்தது. போக்குவரத்தைத் தெரியாமல் குறைந்த திறனுள்ள பாதைக்குத் திருப்பிவிட்டார்கள். ரெட்டிட், குவோரா எல்லாம் படுத்துவிட்டன. சிலருக்குச் சரியாகப் பல நாள் ஆனது. 2017 பிப்ரவரி 28 அன்று ஒரு கட்டளையைத் தவறாகத் தட்டியதில் எஸ்3 சுமார் நான்கு மணி நேரம் முடங்கியது.

அதனால்தான் ஜோஹோ வேறு பாதையில் போனதோ? 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் பிறந்த அந்தக் கம்பெனி வெளி முதலீடு வாங்கவில்லை. அடுத்தவர் மேகத்தில் குடியேறாமல் தன் சேவைகளைத் தன் சொந்தக் கணினிகளிலேயே நடத்துகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2005ல் ஜோஹோ சேவைகள் வரும்போதே அதற்கு வேறு மென்பொருள் விற்ற வருமானம் கையில் இருந்தது. புதிதாகக் கிளம்பிய ஃபிரெஷ்டெஸ்குக்கு அந்த வசதி ஏது? சொந்த சர்வர் அறை கட்டிவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்கார்ந்திருந்தால் 2011ல் அந்த ஆஸ்திரேலியப் பள்ளிக்கு விற்க எதுவுமே இருந்திருக்காது.

2017ல் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனி, 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் பட்டியலானது. பங்கு ஒன்று 36 டாலர், திரட்டிய தொகை 100 கோடி டாலருக்கு மேல். பங்கு வெளியிடும் முன் தாக்கல் செய்த ஆவணத்தில் முதலீட்டாளர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் என்று ஒரு பகுதி உண்டு. பங்குச் சந்தைப் பாடம் படிக்கும் நண்பர்கள் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எங்கள் சேவை அமேசானை நம்பி நடக்கிறது, அது தடைபட்டால் எங்கள் வியாபாரமும் பாதிக்கப்படும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.