இறங்குதலும் மீண்டெழுதலும்

வான்பயண வரலாற்றை எழுதுவோர் புதிய யந்திரங்களையும் நெடும் பயணங்களையுமே விரித்துரைப்பர். பறந்த விமானம் நிலத்திற் பதிந்து நிற்கும் அவ்விறுதிக் கணத்தின் வரலாறு பெரிதும் பேசப்படுவதில்லை. இறங்கிய விமானம் நில்லாது ஓடுபாதையின் எல்லையைக் கடந்தோடும் விபத்துக்கள் சிறிய விமானங்களுக்கும் பெரியவற்றுக்கும் பொதுவானவை. இவற்றுட் பலவற்றிற்கு யந்திரக் கோளாறன்று, விமானியின் தீர்மானமே மூலகாரணம் என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஓடும் பொருளின் இயக்கசக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. மணிக்கு 60 மைல் வேகத்தில் இறங்க வேண்டிய சிறு விமானம் 66 மைல் வேகத்தில் இறங்கின், வேகம் பத்திலொரு பங்கே மிகும். தடுப்புக்கள் அடக்க வேண்டிய சக்தியோ நூற்றுக்கு 21 பங்கு மிகும். பின்காற்றும் ஈரத் தரையும் இவ்விடரைப் பெருக்கும். ஆதலின், மேகமூட்டத்தில் 1,000 அடி உயரத்துக்கும், தெளிந்த வானில் 500 அடி உயரத்துக்கும் வருமுன் வேகமும் இறக்கமும் ஒழுங்குபடாவிடின், இறங்குதலைக் கைவிட்டு மீண்டெழ வேண்டுமென்னும் விதியைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன.

1999 மே மாதத்தில் நியூ யோர்க் கென்னடி விமான நிலையத்தில், முப்பதுபேருடன் வந்த சாப் 340 என்னும் சிறு பயணிகள் விமானம் மிகு உயரத்திலிருந்து மிகு வேகத்துடன் இறங்கிற்று. பாதையின் பெரும்பகுதி கழிந்த பின்னரே சக்கரங்கள் தரை தொட்டன. எல்லைக்கப்பால், சக்கரங்களின் பாரத்தால் நொறுங்கி அவற்றைப் பற்றிக்கொள்ளும் சீமெந்துப் படுக்கை 1996 இல் அமைக்கப்பட்டிருந்தது. விமானம் அதிற் புதைந்து நின்றது, ஓருயிரும் நீங்கவில்லை. மீண்டெழாமையே குற்றமென விசாரணையாளர் முடிபு கூறினர்.

மங்களூரில் அத்தகைய படுக்கை இருக்கவில்லை. 2010 மே 22 ஆம் நாள் விடியற்காலையில், துபாயிலிருந்து 166 பேருடன் வந்த போயிங் 737 விமானம், குன்றின் உச்சியைச் சமன்செய்து அமைத்த பாதையில் இறங்கியது. 8,000 அடிக்குச் சற்று மேற்பட்ட அப்பாதையில் ஏறத்தாழ 5,200 அடி கழிந்த பின்னரே அது நிலந்தொட்டது. பயணத்தின் பெரும்பகுதியில் உறங்கியிருந்த தலைமை விமானியிடம், மீண்டெழுமாறு துணை விமானி மும்முறை கூறினார். எச்சரிக்கைக் கருவியும் ஒலித்தது. அவர் செவிகொடுக்கவில்லை. தரைதொட்டுத் தடுப்புக்களை இயக்கிய பின்னர் மீண்டெழ முயன்றார், காலங்கடந்துவிட்டது. விமானம் பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் மாண்டனர், எண்மரே பிழைத்தனர்.

ஒரே வகைத் தவறு ஓரிடத்தில் மன்னிக்கப்பட்டது, மற்றோரிடத்தில் மன்னிக்கப்படவில்லை. சீமெந்துப் படுக்கை தவறிய தீர்மானத்தின் விளைவைத் தாங்குமேயன்றித் தீர்மானத்தைத் திருத்தாது. ஓடுபாதையின் கோடியிற் கண்ட விபத்து வானிலேயே தொடங்கிவிட்டது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

தொடங்கிய கருமத்தை இடையிற் கைவிடலாகாது என்று மாணவர்க்குப் போதிக்கின்றோம். நல்ல போதனையே அது. எனினும், கைவிட்டு மீண்டும் தொடங்குதலே அறிவாகும் கணமும் உண்டு. அக்கணத்தை இளையோன் சுட்டிக்காட்டும்போது மூத்தோன் கேட்டல் வேண்டும். இஃது ஆசிரியராகிய எமக்கும் பொருந்தும்.