ஹம்மிங் பறவையும் சர்க்கரைத் தண்ணீரும்

ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. (நம்மூர்த் தேன்சிட்டு வேறு இனம், குழப்பிக்கொள்ள வேண்டாம்!) வட அமெரிக்காவின் செந்தொண்டை ஹம்மிங் பறவை நொடிக்குச் சுமார் 50 முறை சிறகடிக்கும். கேமரா நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே திறந்தாலும் சிறகு நகர்ந்துவிடும். படத்தில் தெரிவது வெறும் மங்கல்தான்.

19ஆம் நூற்றாண்டு ஓவியர் ஆடுபான் பறவைகளைச் சுட்டுக் கொன்று, கம்பியால் நிறுத்திவைத்தே வரைந்தார். உயிரோடு பறக்கும் சிறகைத் தெளிவாகப் பார்க்க வேறு வழி தேவைப்பட்டது.

அந்த வழியைக் காட்டியவர் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரால்ட் எட்ஜர்ட்டன். அவருடைய மின்பளிச்சு விளக்கு, நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு போன்ற மிகச் சிறு நேரமே ஒளிரும். 1936இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஹோல்டர்னஸில், மே ரோஜர்ஸ் வெப்ஸ்டர் என்ற பெண்மணியிடம் பயமின்றி வந்த ஹம்மிங் பறவைகளை அவர் படமெடுத்தார். சிறகு அந்தரத்தில் அப்படியே நின்றது!

புகழெல்லாம் விளக்குக்கே போனது. என்னைக் கேட்டால் பாதிப் புகழ் சர்க்கரைத் தண்ணீர்க் குழாய்க்குச் சேர வேண்டும். விளக்கையும் லென்சையும் முன்கூட்டியே ஓர் இடத்தில் குறிவைத்தால், பறவை சரியாக அங்கே வந்து நிற்க வேண்டுமே! இன்றும் கொல்லைப்புறத்தில் படமெடுப்பவர்கள் செய்வது அதைத்தான்: நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, சாயம் கூடாது, பிறகு காத்திருப்பு.