துப்பாக்கியும் ரவையும்: முதலாம் உலகப் போர்க்கால ரஷ்யா பற்றிய ஒரு நோக்கு

போர் வரலாற்றை எழுதுவோர் படையெடுப்புகளையும் தளபதிகளின் வியூகங்களையும் விரித்துரைப்பது வழக்கம். போர்வீரனின் கையிலிருந்த துப்பாக்கிக்கு அவனது பையிலிருந்த ரவை பொருந்தியதா என்ற வினா அவர்களது ஏடுகளில் அருகியே இடம்பெறுகின்றது. ஆயினும் 1914 முதல் 1918 வரையிலான ரஷ்யாவைப் பொறுத்தவரை, அவ்வினாவைத் தொடர்ந்து செல்வோமாயின் சார் ஆட்சியின் பொருளாதார அடித்தளத்தையே சென்றடைகின்றோம்.

ரஷ்யக் காலாட்படையின் ஆயுதம் 1891இல் ஏற்கப்பட்ட மோசின் துப்பாக்கியாகும். 'மூன்று கோட்டுத் துப்பாக்கி' என்பது மக்கள் வழக்கு. அங்குலத்தின் பத்திலொரு பங்கு ஒரு கோடு. மூன்று கோடு 7.62 மில்லிமீற்றர். இதன் முதற் பெருந்தொகுதி ரஷ்யாவிலன்றிப் பிரான்சின் ஷாத்தெல்ரோ ஆலையிலேயே செய்விக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர் தூலா, இஷெவ்ஸ்க், செஸ்திரொரெத்ஸ்க் ஆகிய மூன்று அரச ஆலைகள் உற்பத்தியை மேற்கொண்டன. ஆனால் 1914இன் இறுதிக்குள் 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் படைக்கு அழைக்கப்பட்டபோது, இருப்பிலிருந்த துப்பாக்கிகள் ஏறத்தாழ 45 இலட்சமே. 1915இன் பெரும் பின்வாங்கலின்போது, முன்னால் நிற்பவன் வீழ்ந்தபின் அவனது துப்பாக்கியை எடுத்துக்கொள்வதற்காக வெறுங்கையுடன் காத்திருந்த குடியானவ இளைஞரைப் பற்றிய சான்றுகள் பல உள்ளன.

ஆகவே உலகச் சந்தையை நாடவேண்டியதாயிற்று. யப்பானிடமிருந்து முதலில் கிடைத்தவை மெக்சிக்கோ அரசுக்கெனச் செய்யப்பட்டு அனுப்பப்படாதிருந்த ஏறத்தாழ 35,000 துப்பாக்கிகள். அவற்றின் குழல் விட்டம் 7 மில்லிமீற்றர். அடுத்து இலட்சக்கணக்கில் வந்த அரிசாகாத் துப்பாக்கிகளின் விட்டமோ 6.5 மில்லிமீற்றர். 1904-05 போரில் ரஷ்யரைச் சுட்ட அதே குடும்பத்து ஆயுதத்தைப் பத்தாண்டுகளுக்குள் ரஷ்யரே ஏந்தினர். பிரான்ஸ் தனது 11 மில்லிமீற்றர் கிராத் துப்பாக்கிகளையும், இத்தாலி தனது பழைய வெற்றர்லித் துப்பாக்கிகளையும் தள்ளிவிட்டன. நேச நாடுகளின் நேசம் பெரும்பாலும் பழம்பொருட் களஞ்சியத்தைத் துப்புரவு செய்வதாகவே அமைந்தது எனலாம்.

கலீசியாவில் ஒஸ்திரியரிடமிருந்து கைப்பற்றிய மன்லிக்கர் துப்பாக்கிகள் வேறொரு சிக்கலைத் தந்தன. 8 மில்லிமீற்றர் ரவை மட்டும் அவற்றுக்குப் போதாது. ஐந்து ரவைகளைக் கோத்துவைக்கும் தகட்டுக் கூடும் வேண்டும். கூட்டோடு சேர்த்தே ரவைகளை உள்ளே செலுத்தவேண்டும். கூடு இல்லையேல், ஒவ்வொரு ரவையாக இட்டுச் சுடும் பழைய துப்பாக்கியின் நிலைக்கு அது இறங்கிவிடும். எதிரியின் துப்பாக்கிக்காகப் பெற்றோகிராட் ஆலையொன்று எதிரியின் ரவையைச் செய்யலாயிற்று. அமெரிக்க வின்செஸ்ரர் நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் துப்பாக்கிகளை ரஷ்ய ரவைக்கே பொருந்துமாறு அமைத்துக் கொடுத்தது. ரெமிங்ரன், வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனங்களிடம் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட மோசின் துப்பாக்கிகள் கோரப்பட்டன. புரட்சிக்கு முன் வந்துசேர்ந்தவை அவற்றுள் ஒரு சிறு பகுதியே.

இவ்விடத்தில் விளாதிமிர் பெதோரொவ் நினைவுகூரத்தக்கவர். துப்பாக்கி வாங்க யப்பான் சென்ற குழுவில் இடம்பெற்ற இப்பொறியியலாளர், தன்னியக்கத் துப்பாக்கியொன்றை உருவாக்கியிருந்தார். அதற்கென அவர் வகுத்த புதிய ரவையைப் போர்க்காலத்தில் உற்பத்திசெய்ய இயலாமையால், கைக்கெட்டிய யப்பானிய ரவைக்கு அதனை மாற்றியமைத்தார். 1916இன் இறுதியில் ஒரு படைப்பிரிவு அதனுடன் ருமேனியப் போர்முனைக்குச் சென்றது. புரட்சியின்பின் கொவ்ரொவ் நகரில் ஏறத்தாழ 3,000 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. எனினும், அந்நிய ரவையை நம்பியிருக்கலாகாது என்ற முடிவினால் 1920களின் நடுப்பகுதியில் உற்பத்தி கைவிடப்பட்டது. இலக்கிய மாணவராகிய நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு: 1950களில் 'ஈகோரின் படையெடுப்பு' என்னும் பழங்காவியத்தின் போரியற் செய்திகளையும் ஆசிரியர் யார் என்பதையும் ஆராய்ந்து நூல்கள் எழுதியவரும் இவரே.

துப்பாக்கிப் பற்றாக்குறையே புரட்சியைத் தோற்றுவித்தது என்று கூறுவோருமுளர். இது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதம். 1917இன் தொடக்கத்தில், 1915உடன் ஒப்பிடுகையில், படையின் ஆயுத நிலை தேறியே இருந்தது. தேறாதிருந்தவை நகரத்துப் பாண் வரிசையும் கிராமத்து நில உறவுகளும். ஆயுதம் கிடைத்த பின்னரே, அதை யாரை நோக்கித் திருப்புவது என்ற வினா போர்வீரனுக்கு எழுந்தது.

அமெரிக்காவில் தேங்கிய மோசின் துப்பாக்கிகளின் கதை 1918இலும் தொடர்ந்தது. அவற்றுட் பலவற்றை அமெரிக்க அரசே வாங்கிக்கொண்டது. அவ்வாண்டு செப்ரெம்பரில் ஆர்க்கேஞ்சலில் இறங்கிய அமெரிக்கத் தலையீட்டுப் படையினரிடமிருந்து இங்கிலாந்தில் வைத்தே அவர்களது சொந்தத் துப்பாக்கிகள் பெறப்பட்டு, மோசின் துப்பாக்கிகள் வழங்கப்பட்டிருந்தன. ரஷ்யாவில் ரஷ்ய ரவைதான் கிடைக்கும் என்பதே காரணம். மிச்சிகன் மாநிலத்துத் தொழிலாளரும் விவசாயிகளும் பெரும்பான்மையாயிருந்த அப்படை, சார் மன்னனின் கட்டளைக்காக அமெரிக்கத் தொழிலாளர் செய்த துப்பாக்கியால் செஞ்சேனையைச் சுட்டது. செஞ்சேனையின் ரவையும் அதே 7.62 மில்லிமீற்றர் ரவையே.